கனமில்லாத டப்பா

ஊரில் அவருக்குப் பெயர் சிவப்புச்சீட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்கிறது. சம்பளம் வாங்கும் அன்று மட்டும் அதை வெளியே எடுப்பார். மற்ற நாட்களில் அவர் படியேறி வருவதைக் கண்டாலே கட்டடக் காவலாளிகள், "சிவப்புச்சீட்டு வந்தாச்சு, மேல சொல்லிடு" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள்.

தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது அவர் தொழில். சுவரில் மாட்டியிருப்பதைக் கீழே இறக்குவார். முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பார். குழாயை வளைத்துப் பார்ப்பார். கடைசியாக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து ஒரு கணம் கண்ணை மூடுவார். உள்ளே சரக்கு இருக்கிறதா, வெறும் பெருமைக்குத் தொங்குகிறதா என்பது அந்தக் கனத்திலேயே தெரிந்துவிடும். பையில் தராசும் இருக்கும். கை சொன்னதற்கு ஆமாம் போடுவது அதன் வேலை. சிலிண்டர் தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு. கட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த மாடிக்குப் போய்விடுவார். மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்து, "என்ன சார் கோளாறு?" என்று கேட்டால் சீட்டைக் காட்டுவார். அதில் எழுதியிருக்கும்.

சீட்டு இல்லாத இடத்தில்தான் சிக்கல். 'வேண்டாம்', 'சரியில்லை', 'முடியாது' ஆகிய மூன்று சொற்களும் அவர் வாய் வழியாக வந்ததாகச் சரித்திரத்தில் சான்று இல்லை. முடிவெட்டுபவர் "இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்று கேட்கக் கேட்கத் தலையாட்டி, ஒரு வருடம் மொட்டைக்கு மிகப் பக்கத்தில் போய் நின்றவர் அவர். சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் தண்ணீர் நிறையக் குடிப்பார். அதைத்தான் அவர் மனைவி விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குணத்துக்குத் தோதாக வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. எதை வாங்கினாலும் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒருவர் தேர்ந்ததை இன்னொருவர் குறை சொல்லக் கூடாது. சட்டத்தை இயற்றியவர் மனைவியின் தம்பி. ஒருமுறை அவர் அன்போடு வாங்கி வந்து மாட்டிய மின்விசிறியைப் பார்த்து, "என்னடா, கீச்சு கீச்சுன்னு கத்துது?" என்று அக்கா கேட்டுவிட்டார். அவ்வளவுதான். ஒன்றரை வருடம் தம்பி அந்தப் படியை மிதிக்கவில்லை. அக்கா அழுது, போன் போட்டு, வாசலில் போய் நின்று, கடைசியில் சமாதானம் ஆனபோது கையெழுத்தாகாத உடன்படிக்கையாக இந்தச் சட்டம் பிறந்தது. மின்விசிறி இன்றும் கத்துகிறது. அது கத்தும்போது எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்வார்கள்.

சட்டத்தின் பலன்களை அந்த வீட்டில் எங்கும் காணலாம். ஃபிரிட்ஜைத் தேர்ந்தவர் மனைவி; அதை எங்கே வைப்பது என்று தேர்ந்தவர் மைத்துனர். கதவு சுவரில் இடித்துப் பாதிதான் திறக்கும். உள்ளே பின்வரிசைக்குப் போன காய்கறி திரும்பி வந்ததில்லை. சோபாவின் நிறம் மகளுடையது, நீளம் மைத்துனருடையது. அது வாசல் வழியாக நுழையாததால் மாடிப்படியின் கீழே குடியிருக்கிறது. அதில் தெருநாய் ஒன்று சௌகரியமாக இருக்கிறது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

இப்படி அமைதி தழைத்த வீட்டுக்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது.

மனைவி ஒரு எஞ்சினியர் அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவர். கோடு போட்டால் கொத்தனார் கும்பிடுவார், அப்படி ஒரு கை. எஞ்சினியர் வாடகை கட்டி மாளாமல் அலுவலகத்தை ஒரே அறையாகச் சுருக்கிவிட்டு, எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "வீட்ல நல்ல கம்ப்யூட்டர் இருக்கறவங்க வீட்லேர்ந்தே வேலை பாக்கலாம். இல்லாதவங்க..." அதற்கு மேல் சொல்லாமல் மேசையைத் துடைத்தார். அவர் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை மனைவி வீட்டுக்கு எடுத்து வந்தார்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் சபை கூடியது. முழுசாக வாங்கக் கட்டுப்படியாகாது. பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தால் தேறும் என்று முடிவானது. பிராசசரும் ரேம் என்ற நினைவகமும் வேலை செய்யப்போகிறவருக்கே, அதாவது மனைவிக்கு. திரையும் கிராஃபிக்ஸ் கார்டும் மகளுக்கு. மதர்போர்டு குடும்பத் தலைவருக்கு. எல்லோரையும் தாங்கிக்கொண்டு அடியில் படுத்திருப்பது அதுதான் என்று மகள் விளக்கியபோது அவர் பெருமையோடு ஏற்றுக்கொண்டார்.

"பெட்டி எனக்கு," என்றார் மைத்துனர். "உள்ள ஆயிரம் இருக்கட்டும் மாமா. வர்றவன் போறவன் பாக்கறது பெட்டியைத்தான்."

பவர் சப்ளை என்று ஒன்று உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, மற்ற எல்லாப் பாகங்களுக்கும் அளவோடு பங்கு பிரித்துக் கொடுக்கும் தகர டப்பா. அதற்கு அழகு கிடையாது, திரையில் வராது, வேகம் கிடையாது. சபையில் அதன் பெயரை யாரும் எடுக்கவே இல்லை.

பெயரை எடுத்தவர் கடைக்காரர்தான்.

"பவர் சப்ளை எது போடட்டும்?"

"அது பெட்டியோட இலவசமா வருதுங்க," என்றார் மைத்துனர், தானே பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் பெட்டியைத் தட்டி. "பாருங்க மாமா, நாலு பக்கமும் கண்ணாடி. உள்ள ஏழு கலர்ல லைட்டு. மாறி மாறி எரியும். பெட்டி என்னோட கிஃப்ட். அக்கா காசு தரக் கூடாது, சொல்லிட்டேன்."

"வருது..." என்று கடைக்காரர் இழுத்தார். "வருதுங்க. வரத்தான் செய்யுது. இந்தக் கார்டுக்கு இது தாங்குமான்னு..." அக்காவின் முகத்தைப் பார்த்தார், தம்பியின் முகத்தைப் பார்த்தார், இது குடும்ப விவகாரம் என்று கண்டுகொண்டார். "எட்டாவதா ஒரு கலர் வராம இருந்தா சரி," என்று முணுமுணுத்துவிட்டு அந்த டப்பாவை எடுத்துச் சிவப்புச்சீட்டின் கையில் கொடுத்தார்.

அவர் வாங்கினார். பழக்கதோஷம், கண் தானாக மூடியது.

கனமே இல்லை. சாப்பிட்டு முடித்த பிஸ்கட் டின்னைப் போல் இருந்தது. இப்படி ஒரு சிலிண்டர் எந்தக் கட்டடத்திலாவது கையில் வந்திருந்தால் தராசைக்கூட எடுத்திருக்க மாட்டார். கை நேரே சிவப்புக் கட்டுக்குத்தான் போயிருக்கும். இப்போதும் விரல்கள் பை வரைக்கும் போயின. மனைவி அவரைப் பார்த்தார். மைத்துனரும் பார்த்தார்.

"என்ன மாமா?"

"கைக்கு அடக்கமா இருக்கு," என்றார் சிவப்புச்சீட்டு.

கம்ப்யூட்டர் ஹாலின் மூலையில் குடியேறியது. ஏழு நிறமும் எரிந்தன. மனைவியின் வேலை இறக்கை கட்டிப் பறந்தது. எஞ்சினியர் போனில், "உங்க கம்ப்யூட்டர் பரவால்லையே" என்றார். எல்லாம் நன்றாகவே இருந்தது. அதுதான் சிவப்புச்சீட்டுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் சத்தம் வந்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை வந்தால் பெட்டியின் அடியிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல் ஒரு 'ங்ங்ங்'. அதோடு அறையின் குழல்விளக்கு ஒருமுறை கண்ணடிக்கும். பெட்டியின் பின்பக்கம் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி. பிறகு வாடை வந்தது: எங்கோ ஒரு மூலையில் மீன் கெட்டுப்போனதுபோல, மெலிதாக. வீட்டில் மீன் வாங்கிப் பல நாள் ஆகியிருந்தது. ஒரு மதியம் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. சற்றுப் பொறுத்துப் போட்டபோது ஒன்றும் நடக்காததுபோல் ஏழு நிறத்திலும் சிரித்தது.

"அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமா மாமா? மனுஷன் மாதிரிதானே?" என்றார் மைத்துனர்.

"ஆமாமா," என்றார் மாமா.

மறுநாள் அவர் ஒரு சிலிண்டரோடு வீட்டுக்கு வந்தார். மின்சாரத் தீக்கென்றே உள்ள, கரியமில வாயு அடைத்த, புத்தம் புதியது. கம்ப்யூட்டரிலிருந்து கை எட்டும் தூரத்தில் சுவரைத் துளைத்து மாட்டினார். அந்தச் சிலிண்டரின் விலைக்கு நல்ல பவர் சப்ளை இரண்டு வாங்கலாம். அது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டின் விலையையும் கடையில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். பவர் சப்ளையை மாற்ற ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சிலிண்டருக்கு ஆணி அடித்தால் போதும்.

"எதுக்குங்க இது?" என்றார் மனைவி.

"சும்மா. அழகுக்கு."

மனைவி சிலிண்டரைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், இவரையும் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து மாலையில் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் எதிரே குனிந்து ஏதோ செய்துவிட்டு, கைப்பையின் உள்ஜிப்பை இழுத்து மூடுவது அவர் வழக்கமானது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவர் கணவர் அப்போது மணல்வாளி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மணல்வாளிக்குப் பிறகு கூரையில் புகை மணி ஏறியது. மைத்துனர் வந்து நாலு புறமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, வீட்டையே ஆபீஸ் ஆக்கிட்டீங்க? 'அவசர வழி'ன்னு போர்டு மட்டும்தான் பாக்கி" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். இரண்டு நாளில் சமையலறைக் கதவின் மேல் 'அவசர வழி' என்று பச்சை எழுத்தில் ஒட்டியிருந்தது.

"அப்பா, நாம எப்போ எரியப்போறோம்னு தேதி ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்றாள் மகள்.

"சே, சே. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

அந்தக் குரலில் இருந்த பயம் அவளைச் சிரிக்கவிடாமல் செய்தது.

பெரிய வேலை ஒன்று வந்தது. நாலு மாடி விடுதி ஒன்றைக் கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று, ஜன்னல் நிழல் வரைக்கும் நிஜம்போல் படமாக்க வேண்டும். திங்கட்கிழமை காலை கட்டட முதலாளி பார்க்க வருகிறார். படம் சரியாகப் போனால் வேலை நிரந்தரம். போகாவிட்டால், எஞ்சினியரின் அந்த முடிக்காத வாக்கியம் இன்னும் அவர் மேசையில்தான் இருக்கிறது. வரைபடத்தை முடித்து, படத்தை உருவாக்கும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தபோது ஞாயிறு முற்பகல். அது தானாக ஓடி மாலையில் முடியும். அதே ஞாயிறு மதியம் மைத்துனர் பதவி உயர்வுக்காக ஓட்டலில் விருந்து வைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் 'ங்ங்ங்' என்றது. குழல்விளக்கு கண்ணடித்தது.

"ஓடட்டும். நாம போயிட்டு வந்துடலாம்," என்றார் மனைவி.

"ஓடட்டுமா?" என்றார் சிவப்புச்சீட்டு.

வாழ்நாளில் அவர் எழுப்பிய மிகக் கடுமையான ஆட்சேபம் அது. மனைவி கதவருகே ஒரு கணம் நின்றார். "போகலைன்னா தம்பி..." என்று தொடங்கினார். மேலே மின்விசிறி கீச்சிட்டது. இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

ஓட்டலில் சூப் வந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது. சிவப்புச்சீட்டு அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்க மாமா. சூப்பு கடிக்காது."

மைத்துனரின் மனைவி, தனக்கு அண்ணன் முறையான சிவப்புச்சீட்டிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினார்: "எங்க வீட்ல எலி செத்துக்கிடக்கு போலிருக்குண்ணா. ஹால் பூரா மீன் கெட்ட மாதிரி ஒரு வாடை. அலமாரி எல்லாம் நகர்த்திப் பாத்தாச்சு, சிக்க மாட்டேங்குது."

மீன் வாடை என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குத் தன் வீட்டு ஹால் மூலைதான் கண்ணுக்கு வந்தது. பேசியவர் எந்த வீட்டைச் சொன்னார் என்பதுகூட மனதில் ஏறவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"இஸ்திரிப் பெட்டியை அணைச்சோமா?"

"நீங்க போட்டிருக்கறது கசங்கின சட்டைப்பா," என்றாள் மகள்.

"அதான். தேய்க்கலாம்னு சூடு பண்ணினேன். அப்புறம் மறந்துட்டேன்." எழுந்துவிட்டார். மனைவி தடுக்கவில்லை. வீட்டுச் சாவியை அவர் கேட்கும் முன்பே கையில் வைத்து நீட்டினார்.

படியேறும்போதே தெரிந்துவிட்டது. மேலே புகை மணி வீறிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "சார், உங்க வீட்ல ஏதோ குருவி மாட்டிக்கிச்சு போல, ரொம்ப நேரமா கத்துது" என்று கரிசனத்தோடு சொல்லிவிட்டு மறுபடி சாத்திக்கொண்டார்.

கதவைத் திறந்தார். ஏழு நிறமும் அணைந்திருந்தன. கண்ணாடிக்குப் பின்னால், அடியில், எட்டாவது நிறம் எரிந்துகொண்டிருந்தது.

ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் தூக்கிப் பார்த்த மனிதர் ஒன்றைக்கூட நிஜத் தீயின் மேல் இதுவரை அடித்ததில்லை. ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். சிலிண்டரை இறக்கி, பிடியில் செருகியிருந்த பின்னை உருவினார். வெண்மேகம் பீறிட்டது. கண்ணாடி ஒரு பக்கம் விரிசல் விட்டுச் சரிந்தது. மேகம் விலகியபோது எட்டாவது நிறமும் இல்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சமையலறையின் அவசர வழிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

மனைவியும் மகளும் மைத்துனரும் ஓட்டலிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார்கள். மைத்துனரின் மனைவி தன் வீட்டுக்குப் போயிருந்தார்.

"இஸ்திரிப் பெட்டியா?" என்றார் மைத்துனர், கரிந்த தன் பெட்டியைப் பார்த்து. பிறகு மார்பைத் தட்டிக்கொண்டார். "அக்கா, நீ கவலையே படாதே. பெட்டிக்கு நானாச்சு." யாரும் பேசுவதற்குள் படியிறங்கிவிட்டார்.

சிவப்புச்சீட்டு தரையைப் பார்த்துச் சொன்னார்: "அன்னைக்குக் கடையில... கையில வாங்கினப்பவே தெரியும் எனக்கு."

"எனக்கும் தெரியும்," என்றார் மனைவி.

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க கண்ணை மூடினதைப் பாத்தேனே. சிலிண்டரைக் கொண்டாந்து மாட்டினீங்க, மணலைக் கொண்டாந்தீங்க. எனக்கென்ன, கண்ணு அவிஞ்சா போச்சு?" கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். "தினமும் எல்லாத்தையும் இதுல எடுத்து வெச்சுட்டேன். இன்னைக்குக் காலை வரைக்கும் இருக்கு. எஞ்சினியர் வீட்டுக்குப் போய் அவர் மெஷின்ல ராத்திரிக்குள்ள படத்தை ஓட்டிடுவேன். வேலை போகாது."

"அப்புறம் ஏன் நீ ஒரு வார்த்தை..."

"நீங்க ஏன் சொல்லலையோ, அதுக்குத்தான்."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். மூணு பேர் அதே வீட்ல தூங்கினோம். நல்லா இருக்கு," என்றாள்.

மனைவி வெளியே புறப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மைத்துனர் திரும்பி வந்துவிட்டார். கையில் புதுப் பெட்டி, அதே கண்ணாடி. "ஞாயித்துக்கிழமைன்னு கடை பாதி சாத்திட்டான். விடலையே நான்!" உள்ளேயிருந்து தகர டப்பாவை எடுத்து நீட்டினார். "இந்தாங்க மாமா. இதுவும் இலவசம்."

சிவப்புச்சீட்டு வாங்கினார். கண்ணை மூடினார். வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெயின் அணைந்திருந்ததால் மின்விசிறிகூடக் கத்தவில்லை.

கண்ணைத் திறந்தவர் பைக்குள் கையை விட்டார். ஒரு சிவப்புச் சீட்டை உருவி, முழங்காலில் வைத்து எழுதி, டப்பாவின் கம்பியில் இறுக்கிக் கட்டி, மைத்துனரிடமே திருப்பிக் கொடுத்தார்.

'கனம் இல்லை. பயன்படுத்தக் கூடாது.'

மைத்துனர் படித்தார். காது சிவந்தது. "ஆசையா குடுத்ததுக்குச் சீட்டு கட்டறீங்களா மாமா? அக்கா, நீயும் பாத்துட்டு நிக்கிறே!"

அக்காவுக்கு அந்த ஒன்றரை வருடமும் கண் முன்னே வந்துபோனது. "சீட்டு சரியாத்தான்டா கட்டியிருக்கு," என்றார்.

"சரி. நான் வரலை இனிமே." செருப்பில் கால் நுழைந்தது, கோபத்தில் இடது வலது மாறி நுழைந்தது. "உங்களுக்கு மட்டும் மட்டமானதையா குடுத்தேன்? என் வீட்லயும் இதே பெட்டி, இதே டப்பாதான். ஹால்ல ஜம்முன்னு ஓடிட்டிருக்கு. வந்து பாருங்க!"

"ஹால்லயா?" என்றார் சிவப்புச்சீட்டு.

இப்போதுதான் ஓட்டலில் கேட்டது முழுசாக அவர் காதில் ஏறியது. நகர்த்திப் பார்த்த அலமாரிகள். சிக்காத எலி.

"போனைப் போடு."

"எதுக்கு?"

"தங்கச்சிக்குப் போனைப் போடுடா!"

அந்தக் குரலை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை, அவரும்தான். மைத்துனர் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்து அவர் மனைவி எடுத்தார். சிவப்புச்சீட்டு போனைப் பிடுங்கி, "நான்தாம்மா" என்றார்.

"அண்ணாவா? சொல்லுங்கண்ணா. இப்பத்தான் எலியைக் கண்டுபிடிச்சேன் போலிருக்கு. வாடை கம்ப்யூட்டருக்குப் பின்னாடிலேர்ந்துதான் வருது. உள்ள ஏதோ மினுக் மினுக்னுது, குனிஞ்சு பாத்துட்டிருக்கேன்..."

"பாக்காதே! தொடாதே! வேண்டாம்! பெட்டியைத் தொடாம சுவத்துல சுவிட்சை அணை. அணைச்சுட்டு வெளிய வா!"

போனில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஏதோ விழுகிற சத்தம். அதற்கப்புறம், வெகுதூரத்திலிருந்து வருவதுபோல், "அணைச்சுட்டேண்ணா. ஏன், என்ன ஆச்சு?"

மைத்துனர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். செருப்பு கால் மாறியபடியே இருந்தது. மடியில் டப்பா, அதில் சிவப்புச் சீட்டு காற்றில் ஆடியது. அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

"மாப்ள," என்றார் சிவப்புச்சீட்டு. குரல் பழையபடி தணிந்திருந்தது. பையிலிருந்த சிவப்புக் கட்டு முழுசையும் வெளியே எடுத்திருந்தார். "இந்தப் பெட்டி உனக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. மூணாவதா யாருக்காவது குடுத்தியா?"

மைத்துனர் தண்ணீரை முழுங்கினார். ஒரு கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கையை எடுத்தார்.